வேலை தேடும் பிள்ளைகளும் நாம் திருத்தாத பிழைகளும்



சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். ஆசிரியர் அறையில் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசி ஒலித்தது. ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் பேசினார். என் முன்னாள் மாணவன் ஒருவனின் பெயரைச் சொல்லி, அவன் தம் நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், தன்னைப் பற்றிக் கேட்டறிய என் பெயரைக் கொடுத்திருப்பதாகவும் கூறினார். அவனைப் பற்றி நான் என்ன சொல்ல விரும்புகிறேன் என்று கேட்டார்.

எனக்கு அவனுடைய முகம் நினைவுக்கு வந்தது. மூன்றாம் வரிசையில் சன்னலோரம் அமர்ந்திருப்பான். ஆனால் அவன் பிறகு என்ன படித்தான், இப்போது எந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான் என்பன எதுவும் எனக்குத் தெரியாது. "நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், வகுப்புக்குத் தாமதமாக வந்ததில்லை" என்றேன். பலரோடு சேர்ந்து அவன் வேலை செய்ததற்கு ஏதேனும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். நான் தடுமாறினேன். இரண்டு நிமிடத்தில் உரையாடல் முடிந்துவிட்டது.

மாலையில் பேருந்தில் வரும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. அவன் உயர்நிலை மூன்றில் படித்தபோது, பள்ளியின் தமிழ் நிகழ்ச்சியில் நாடகம் போட்டோம். முதல் நாள் மாலையில் முக்கியப் பாத்திரம் ஏற்றிருந்த மாணவனுக்குக் காய்ச்சல். அழுதுகொண்டிருந்த பிள்ளைகளை ஒன்றுகூட்டி, வசனங்களைப் பிரித்துக் கொடுத்து, தானும் ஒரு பாத்திரத்தை ஏற்று, மறுநாள் நாடகத்தை நடத்திக் காட்டியவன் இவன்தான். அந்தப் பெண்மணி கேட்டது இதைத்தான். என்னிடம் பதில் இருந்தது. உரிய நேரத்தில் நாவுக்கு வரவில்லை.

அந்த வார இறுதியில் ஜாலான் புசார் விளையாட்டரங்கத்துக்கு அருகில் உள்ள ஒரு காப்பிக்கடையில் அவனைச் சந்தித்தேன். "ஐயா, உங்க பேரைப் போட்டுட்டேன். சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டான். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. பட்டம் பெற்று எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நூற்று நாற்பது விண்ணப்பங்கள் அனுப்பியிருக்கிறான். நேர்காணலுக்கு அழைத்தவர்கள் ஐந்து பேர். கைத்தொலைபேசியில் தன்விவரக் குறிப்பைத் திறந்து என்னிடம் நீட்டினான். பழக்கத்தால் என் கண்கள் பிழைகளைத் தேடின. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதில் அவனும் இல்லை! கடுமையாக உழைப்பவர், பொறுப்புமிக்கவர், குழுவாகச் செயல்படுபவர் என்று எவருக்கும் பொருந்தும் வரிகளே இருந்தன. நாடகம் அதில் இல்லை. தமிழும் இல்லை.

அந்த வரிகளை எங்கோ படித்திருக்கிறேனே என்று தோன்றியது. வேறெங்கும் இல்லை, என் வகுப்பில்தான். அதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

காலம் கடினமானதுதான்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை கிடைக்காததெல்லாம் தேடுபவரின் குற்றம் அன்று. 2024ஆம் ஆண்டுப் பட்டதாரிகளைப் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் நடத்திய கூட்டு ஆய்வில், வேலைச் சந்தையில் இருந்தவர்களுள் 79.5 விழுக்காட்டினர் மட்டுமே முழுநேர நிரந்தர வேலையில் இருந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் அது 84.1 விழுக்காடு. ஆனால் வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் 4,313 வெள்ளியிலிருந்து 4,500 வெள்ளிக்கு உயர்ந்தது. கதவு குறுகியிருக்கிறது, உள்ளே நுழைந்தவர்களுக்குக் குறை இல்லை. வெளியே நிற்பவரின் மனவேதனை இதனால்தான் கூடுகிறது.

இத்தகைய காலங்கள் நமக்குப் புதியவை அல்ல. சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் பொருளியல் மந்தம் 1985இல். மறுஆண்டு முதலாளிகளின் மத்திய சேமநிதிச் சந்தா 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டதை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு 1998, 2001, 2009, 2020 என்று அலைகள் வந்தன, தணிந்தன. ஜாலான் புசாரில் நடந்து பாருங்கள். இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருந்த டிர்விட் சாலையில், பழைய பெயர்ப்பலகையை எடுக்காமலேயே உள்ளே காப்பிக்கூடம் நடத்துகிறார்கள். சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையம் திறக்கப்பட்டது. தொழில்கள் போகின்றன, வருகின்றன. எனவே காலத்தை நொந்துகொண்டு நின்றுவிட முடியாது. நம் கையில் உள்ளவற்றையாவது சரியாகச் செய்ய வேண்டும்.

ஒரே விண்ணப்பம், நூறு முகவரிகள்

என் மாணவன் அனுப்பிய நூற்று நாற்பது விண்ணப்பங்களும் ஒரே விண்ணப்பம்தான். நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறியது. இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதால் எண்ணிக்கையே முயற்சி என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் முதற்சலிப்பைக் கணினியே செய்துவிடுகிறது. விளம்பரத்தில் கேட்ட திறனுக்கும் விண்ணப்பத்தில் உள்ள சொல்லுக்கும் தொடர்பு இல்லையென்றால், மனிதர் கண்ணில் படுமுன்னரே அது ஒதுக்கப்பட்டுவிடலாம். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் கடிதம் எழுதித் தருகின்றன. எல்லாருடைய கடிதமும் ஒரே குரலில் பேசுகிறது. பத்து விளம்பரங்களை நிதானமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுதிய பத்து விண்ணப்பங்கள் நூறு நகல்களைவிட மேல்.

இந்தப் பழக்கத்தை யார் கொடுத்தார்கள்? மின்னஞ்சல் எழுதும் பயிற்சியில் நாம் என்ன செய்கிறோம்? தொடக்கத்துக்கு இரண்டு வரி, முடிவுக்கு இரண்டு வரி, நடுவில் எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் நான்கு தொடர்கள் என்று எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். துணைப்பாட நிலையங்களில் மாதிரிக் கட்டுரைக் கட்டுகளே விற்பனைப் பொருள். தேர்வில் மதிப்பெண் வருகிறது. ஆனால் "யாருக்கு எழுதுகிறோம், அவருக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வியைக் கேட்காமலேயே பத்தாண்டுகள் எழுதிப் பழகிய பிள்ளை, இருபத்தாறு வயதில் திடீரென்று கேட்பானா?

தேவையற்றதை எழுதுவதும் வேண்டியதை விடுவதும்

அவனுடைய குறிப்பில் அடையாள அட்டை எண் இருந்தது. பிறந்த தேதி, சமயம், தந்தையின் தொழில் எல்லாம் இருந்தன. இவை எவையும் விண்ணப்பத்தில் வேண்டா. சட்டத் தேவை இல்லாத இடங்களில் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைத் திரட்டுவது 2019 செப்டம்பர் முதல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. வயது, இனம், சமயம், திருமண நிலை போன்றவற்றை வேலைக்குத் தொடர்பின்றிக் கேட்கக்கூடாது என்பது முத்தரப்பு வழிகாட்டி நெறி. வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டமும் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கேட்காததை நாமே எழுதிக் கொடுப்பானேன்?

ஆனால் தமிழை விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டேன். "யாருக்கு ஐயா வேணும்?" என்றான். எனக்கு வருத்தமாக இருந்தது. கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. "தமிழ் சோறு போடுமா?" என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. பள்ளிகளிலும் பாலர் பள்ளிகளிலும் தமிழாசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். நீதிமன்றங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும். மருத்துவமனையில் ஆங்கிலம் அறியாத ஒரு பாட்டியின் வலியைக் கேட்டு எழுத ஆள் வேண்டும். வெளிநாட்டு ஊழியர்கள் நிறைந்த கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு விதிகளைத் தமிழில் விளக்கத் தெரிந்த மேற்பார்வையாளருக்கு மதிப்பு உண்டு. இவை எல்லாருக்கும் ஏற்ற வேலைகள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு மொழிகளில் சிந்திக்கத் தெரிந்த ஒருவர் அதை மறைத்து வைப்பது, பையில் உள்ள பணத்தை எண்ணாமல் கடன் கேட்பது போன்றது என்றுதான் சொல்கிறேன். அதே நேரத்தில், ஒரு பத்தி தமிழில் எழுதத் தடுமாறுபவர் தமிழில் வல்லவர் என்று போட்டுக்கொள்வதும் பிழைதான். நேர்காணலில் ஒரே ஒரு கேள்வியில் அது வெளிப்பட்டுவிடும்.

மனப்பாடம் செய்த பதில்

ஐந்து நேர்காணல்களில் என்ன நடந்தது என்று கேட்டேன். எதிர்பார்த்த கேள்விகளுக்கு நன்றாகப் பேசியிருக்கிறான். "நீங்கள் செய்த ஒரு தவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்டபோது, தான் அளவுக்கு மீறி உழைப்பதே தன் குறை என்று சொல்லியிருக்கிறான். இணையத்தில் படித்த பதில். கேட்டவர் சிரித்தாராம்.

வாய்மொழித் தேர்வுக்கு நம் பிள்ளைகள் எப்படி வருகிறார்கள் என்று ஆசிரியர்கள் அறிவார்கள். காணொளி எதுவாக இருந்தாலும் சுற்றுச்சூழல், குடும்பப் பிணைப்பு, இன நல்லிணக்கம் என்னும் மூன்று பெட்டிகளில் ஒன்றைத் திறந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். "உனக்கு இப்படி எப்போதாவது நடந்ததா?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். சொந்த அனுபவத்தைக் கோவையாகச் சொல்வது ஒரு திறன். என்ன நிலைமை, நான் என்ன செய்தேன், என்ன ஆயிற்று, எதைக் கற்றேன் என்று நான்கு படிகளில் பேசப் பழகியவன் எந்த நேர்காணலிலும் தடுமாற மாட்டான். அதற்கு ஏற்ற இடம் தமிழ் வகுப்பு. அந்த இடத்தை நாம் மாதிரி விடைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

பெயரைக் கொடுக்குமுன் கேளுங்கள்

என்னைப் போல் இன்னும் எத்தனை ஆசிரியர்கள் இப்படித் திகைத்திருப்பார்களோ! பரிந்துரைப்பவராக ஒருவர் பெயரைக் கொடுக்குமுன் அவருடைய இசைவைக் கேட்க வேண்டும். வேலை விளம்பரத்தையும் விண்ணப்பத்தையும் அவருக்கு அனுப்பி, தம்மைப் பற்றிய ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்ட வேண்டும். ஆசிரியரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதையால் பிள்ளைகள் கேட்பதில்லை. அந்த மரியாதை அவர்களுக்கே இடையூறாகிறது. கேளுங்கள், கேட்டால் மகிழ்வோம் என்று பள்ளியை விட்டுப் போகும்போதே நாம் சொல்லி அனுப்ப வேண்டும்.

மறைக்கும் வீடு

இதுவரை ஆசிரியர்களைச் சொன்னேன். இனிப் பெற்றோரிடம் ஒரு சொல். பிள்ளை வேலையின்றி இருப்பதை உறவினர்களுக்குத் தெரியாமல் மறைக்கும் வீடுகள் நம்மிடையே பல உள்ளன. திருமணங்களுக்கு அவனை அழைத்துச் செல்வதில்லை. யாராவது கேட்டால் "மேல படிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறோம். விளம்பரமாகாமலே பல வேலைகள் அறிந்தவர் தெரிந்தவர் மூலம் நிரம்புகின்றன. வேலை தேடுகிறான் என்று நான்கு பேருக்குச் சொல்லாவிட்டால், அந்த நான்கு பேரின் காதில் விழும் செய்தி அவனை எப்படி வந்தடையும்? சொன்னால் வெட்கம் என்கிறோம். சொல்லாததால் வரும் நட்டத்தை எண்ணுவதில்லை.

உதவி கேட்பதும் அப்படித்தான். 1991இல் தொடங்கப்பட்ட சிண்டாவின் அலுவலகம் பீட்டி ரோட்டில், நம் ஜாலான் புசாரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது. அங்குப் போவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்கியவர்களை நான் அறிவேன். வேலை தேடுவோருக்கு வழிகாட்டும் அரசாங்கச் சேவைகள் உள்ளன. தொழிற்சங்கக் காங்கிரசின் வேலை நியமன, வேலைத்தகுதிக் கழகமும் உள்ளது. ஆட்குறைப்புக்கு உள்ளான பெற்றோரும் இவற்றை அறிந்திருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனம், ஊழியருக்கு ஆட்குறைப்பை அறிவித்த ஐந்து வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தம் விருப்பமின்றி வேலை இழந்து, முன்பு மாதம் சராசரியாக 5,000 வெள்ளி வரை சம்பாதித்தவர்களுக்கு, மற்றத் தகுதிகளும் பொருந்தினால், 2025 ஏப்ரல் முதல் ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை உதவித்தொகை உண்டு. முதல் மாதம் 1,500 வெள்ளி வரை தந்து, பின்னர் படிப்படியாகக் குறைப்பார்கள். வேலை தேடும் நடவடிக்கைகளில் ஈடுபட்டதைக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. உழைத்தவருக்குத் தரும் ஊன்றுகோல் இது. இதைப் பெறுவதில் என்ன இழுக்கு?

இன்னொன்று, "படித்த படிப்புக்கு ஏற்ற வேலைதான் வேண்டும்" என்று வீட்டில் காத்திருக்கச் சொல்வது. எந்த வேலையையும் ஏற்றுக்கொள் என்று நான் சொல்லவில்லை. முதல் வேலையின் சம்பளமும் துறையும் பின்னால் வருவனவற்றைப் பாதிக்கலாம் என்பது உண்மை. ஆயினும் ஒன்றும் செய்யாத ஓராண்டைவிடத் துறைக்கு அருகில் உள்ள குறுகியகால வேலையோ பயிற்சியோ நல்லது. 2025இல் தொடங்கிய பட்டதாரிப் பயிற்சித் திட்டத்தில் மூன்று முதல் ஆறு மாதப் பயிற்சிக்கு 1,800 முதல் 2,400 வெள்ளி வரை மாதப் படி கிடைக்கும். அது நிரந்தர வேலை அன்று. ஆனால் அடுத்த நேர்காணலில் சொல்ல ஒரு கதை கிடைக்கும்.

அவசரத்தில் விழும் பள்ளம்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நெடுநாள் வேலையின்றி இருப்பவரே மோசடிக்காரர்களுக்கு எளிய இரை. 2023இல் மட்டும் வேலை மோசடி தொடர்பாக 9,914 சம்பவங்கள் பதிவாயின; இழந்த தொகை 135 மில்லியன் வெள்ளிக்கும் மேல். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயாரும் இப்படி ஏமாந்தார். வீட்டிலிருந்தே செய்யலாம், காணொளிக்கு விருப்பக்குறி இட்டால் போதும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. முதலில் சிறு தொகை கொடுத்தார்கள். பிறகு பெரிய வேலைக்கு முன்பணம் கேட்டார்கள். மகளின் மேற்படிப்புக்கு வைத்திருந்த பணம் போயிற்று. வீட்டில் சொல்ல அஞ்சி மூன்று வாரம் மறைத்துவிட்டார். அந்த மூன்று வாரமும் அவள் வகுப்பில் பேசாமல் இருந்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வேலை தருவதாகச் சொல்லி முன்கூட்டியே உங்களிடம் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். உரிமம் பெற்ற வேலைவாய்ப்பு முகவர்கூட, ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் ஊழியரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. ஐயம் எழுந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியது

எல்லாப் பாரத்தையும் தமிழாசிரியர் தலையில் ஏற்றுகிறேனே என்று சக ஆசிரியர்கள் நினைக்கலாம். பாடத்திட்டம் நீளமானது, நேரம் குறைவு, அறிவேன். நான் இந்த ஆண்டு ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்தேன். உயர்நிலை மூன்று மாணவர்களிடம் மாதிரித் தொடர்களைக் கொடுப்பதை நிறுத்தினேன். உண்மையான ஒருவருக்கு உண்மையான ஒரு வேண்டுகோளை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி தன் வீவக அடுக்குமாடியின் பழுதான மின்தூக்கியைப் பற்றி எழுதினாள். ஒரு மாணவன் தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் தன் மாமாவுக்கு, விடுமுறையில் தன்னை ஏன் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று காரணங்களோடு எழுதினான். பிழைகள் நிறைய இருந்தன. ஆனால் ஒவ்வொரு தாளிலும் ஒரு பிள்ளை இருந்தது. பிழையைத் திருத்துவது எனக்குத் தெரிந்த தொழில்.

அந்த முன்னாள் மாணவனுக்கு வருகிறேன். நாடகக் கதையை அவனுக்கு நினைவூட்டினேன். "அதெல்லாம் ஒரு விஷயமா ஐயா?" என்றான். அதுதான் விஷயம் என்றேன். புதிதாக எழுதினான், குறைவாக அனுப்பினான், ஒவ்வொரு முறையும் எனக்கு முன்கூட்டியே தெரிவித்தான். அடுத்த அழைப்பு வந்தபோது நான் தயாராக இருந்தேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை. மூன்றாவது இடத்தில் கிடைத்தது. அவன் படித்த துறைக்கு அருகில், ஓராண்டு ஒப்பந்தம்.

சென்ற வாரம் அவனுடைய தாயாரைச் சிராங்கூன் சாலையில் பார்த்தேன். "ஒரு வருஷ வேலைதானே ஐயா, சொந்தக்காரங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். "மகன் வேலைக்குப் போகிறான் என்று சொல்லுங்கள் அம்மா" என்றேன். சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "எட்டு மாசமா காலையில அவன் அறைக் கதவைத் தட்டவே பயமா இருந்திச்சு. இப்ப நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே குளிச்சிட்டு நிக்கிறான்" என்றார்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ வேலை தேடும் பிள்ளை இருந்தால், அவன் செய்த நல்ல காரியம் ஒன்றை இன்றே அவனுக்கு நினைவூட்டுங்கள். அவன் அதை மறந்திருப்பான். நாமும் மறந்துவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்